அண்ணன் பக்கத்து ஸ்லைடர்

உதிரிபாகக் கடைக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து அண்ணன்தான் பேசிக்கொண்டிருந்தான். மேடைச் சத்தத்தை ஆட்டிவைக்கும் பெட்டியைச் செய்யப்போவது என்னவோ தங்கை. எந்தக் குமிழ் எங்கே வர வேண்டும், விரலால் ஏற்றி இறக்கும் ஸ்லைடர் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று பல நாளாக மண்டையை உடைத்துக்கொண்டவளும் அவள்தான். ஆனால் அண்ணன் இருக்கும் இடத்தில் வேறு யாருக்கும் வாய் திறக்க நேரம் கிடைப்பதில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அவனுக்கு நல்ல குரல். விழா மண்டபங்களில் அவன் பாடுவான், அவள் கீபோர்டு வாசிப்பாள். குழு என்றால் அந்த இரண்டு பேர்தான். அவனுக்கு இடப்பக்கம் மிக்ஸர் இருக்கும். பாடிக்கொண்டே ஒரு கையால் அவள் சத்தத்தைக் குறைப்பான். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவள் ஒரு மேடையில் தாறுமாறாக வாசித்துவிட்டாள். அன்று அவன் சட்டென்று குறைத்து மானத்தைக் காப்பாற்றினான். அதன் பிறகு அவள் தப்பாக வாசிப்பதை நிறுத்திவிட்டாள், அவன் குறைப்பதை நிறுத்தவில்லை. இப்போது அவளுக்கு நரை தட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் அவள் அவனுக்குப் பாப்பாதான்.

அந்த மிக்ஸர்தான் போன மாதம் கண்ணை மூடியது. இனி எல்லாச் சத்தமும் என்னுடைய கணினி வழியாகத்தான் போகும், அந்தக் கணினியை ஆட்டிவைக்கக் குமிழ்களும் ஸ்லைடர்களும் வைத்த ஒரு பெட்டியை நானே செய்கிறேன் என்று அவள் சொன்னாள். காரணம் ஒன்றே ஒன்று. பாட்டுகளுக்கு நடுவே அண்ணன் மூச்சு வாங்கும்போது வாசிக்க, அவளே மெட்டமைத்த ஓர் இடையிசை இருந்தது. அதை எந்த மண்டபமும் முழுச் சத்தத்தில் கேட்டதில்லை. பாதியில் அவன் கை இறங்கிவிடும். ஒரே ஒரு தடவை அது முழுசாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

கடைக்காரர் இழுப்பறைகளை உருவி மேசைமேல் பரப்பினார். "இது வழவழன்னு சுத்தும். இது நடுவுல வந்ததும் லேசா ஒரு டிக் குடுக்கும். திருப்பிப் பாருங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினாள். சொரசொரப்பானது எதிரொலிக்கு. ரப்பர் போட்ட குட்டை, தாளத்தின் வேகத்துக்கு. விரல் பதியப் பள்ளம் உள்ள ஸ்லைடர் அண்ணன் குரலுக்கு.

"கலர் கலரா எடு பாப்பா. மேடையில பளிச்சுன்னு இருக்கணும்."

"மேடையில லைட்டைக் குறைச்சுடுவாங்கண்ணே. தடவிப் பாத்தே எது எதுன்னு தெரியணும். அதுக்குத்தான் ஒவ்வொண்ணும் ஒரு தினுசா எடுக்கறேன்."

"தடவிக்கோ, தடவிக்கோ. அப்படியே என் பக்கம் ஒரு ஸ்லைடர் வை. உன் கீபோர்டு சத்தத்துக்கு."

அவள் விரல்கள் நின்றன. "அது என் கையிலயே இருக்கட்டுமேண்ணே."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வாசிக்கிறவளுக்குத் தன் சத்தம் எப்படித் தெரியும்?"

கடைக்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று இழுப்பறைக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டார்.

"சரிண்ணே," என்றாள்.

அண்ணன் கெட்டவனாக இருந்திருந்தால் எப்போதோ சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பாள். அவன் கெட்டவனில்லை. அதுதான் வினையே. அப்பா அம்மா போன பிறகு படிக்க வைத்தவன், கீபோர்டு வாங்கிக் கொடுத்தவன், அவளுக்குக் காய்ச்சல் என்றால் தானும் சாப்பிடாமல் கிடப்பவன். அப்படிப்பட்டவனிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு முடியாது என்பது? கடையிலேயே சிறந்த ஸ்லைடரை அவன் தனக்காக எடுத்தான். நீளமானது, உலோகத் தலை வைத்தது. அவள் தனக்கென்று மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்ததும் அதுதான்.

சாப்பாட்டு மேசையில்தான் வேலை நடந்தது. அண்ணி தட்டுகளோடு வந்து நின்றாள். "சோறு வைக்கிற இடத்துல ஈயத்தை உருக்கறே. கடையை எப்ப கட்டுவே?"

"இது ஒண்ணுதான் பாக்கி அண்ணி. அண்ணனோடது."

அண்ணி எட்டிப் பார்த்தாள். "டிவி ரிமோட்டையே மனுஷன் யாருக்கும் குடுக்கமாட்டார். உன் சத்தத்தையா விட்டுக் குடுக்கப்போறார்?" என்று சொல்லிவிட்டு மேசையில் இடம் ஒதுக்கித் தட்டுகளை வைத்தாள்.

அவள் போனதும் தங்கை அந்த ஸ்லைடரின் கம்பிகளைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்லைடர் பெட்டியில் அழகாகப் பொருந்தி இருந்தது. கம்பிகளைப் பற்றவைக்க வேண்டியதுதான் மிச்சம். வைக்கவில்லை. ஒட்ட நறுக்கி, டேப் சுற்றி, மூலையில் செருகி, மூடியைப் போட்டுத் திருகிவிட்டாள். மனசுக்குள் அப்படியொரு சந்தோஷம். மேடைச் சந்தடியில் அவனுக்கு என்ன தெரியப்போகிறது? இழுத்தால் இறங்குகிறது, தள்ளினால் ஏறுகிறது, அது போதும் அவனுக்கு என்று கணக்குப் போட்டாள்.

கணக்கு அன்று சாயங்காலமே உதைத்தது. "எங்கே, வாசி பாக்கலாம்," என்று அண்ணன் கூடத்தில் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். இது அவளுக்குத் தோன்றவே இல்லை. வாசித்தாள். அவன் கை உலோகத் தலையைப் பிடித்தது. கீபோர்டுக்குக் கீழே அவளுடைய பழைய பெடல் கிடந்தது, குதிகாலை அழுத்தினால் சத்தம் குறையும். அவன் இழுக்க இழுக்க, அவள் அழுத்தினாள். அவன் மேலே தள்ள, அவள் குதிகாலை மெல்ல விட்டாள்.

"ஆஹா, வெண்ணெய் மாதிரி இறங்குது. கெட்டிக்காரிதான் நீ," என்றான் அண்ணன். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் நிம்மதியாக இருந்ததா என்றால், அதுதான் இல்லை. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அவளால் கீபோர்டைப் பார்த்து வாசிக்க முடியவில்லை. கண் முழுக்க அவன் கைமேல். கை இறங்கினால் கால் இறங்க வேண்டும். ஒரு தடவை, தன் இடையிசையின்போது, துணிந்து காலைச் சும்மா வைத்திருந்தாள். அவன் இழுத்துப் பார்த்தான், திரும்பிப் பார்த்தான், உலோகத் தலையை விரலால் தட்டினான். "தூசி அடைச்சுக்கிச்சா? வீட்டுல போய்க் கழட்டிப் பாத்துடலாம்," என்றான். அவள் சட்டென்று குதிகாலை அழுத்தினாள். "இல்ல, சரியாயிடுச்சு," என்று அவனே சொல்லிக்கொண்டான். பிறகு ஒரு தடவைகூட அவள் கால் பிசகவில்லை. மிக்ஸர் இருந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பாள், குறைத்த பாவம் அவனோடு போகும். இப்போது குறைப்பது அவளே. நறுக்கிப் போட்ட கம்பியின் வேலையை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சொல்லி அழவும் வழியில்லை.

அப்புறம் ஒரு மண்டபம். அண்ணன் பாட்டை முடித்து மூச்சு வாங்க, அவள் இடையிசையைத் தொடங்கினாள். எப்போதும் கலகலவென்று பேசிக்கொண்டே இருக்கும் கூட்டம் என்ன நினைத்ததோ, மெல்ல அடங்கியது. முன்வரிசையில் ஒரு பெண்மணி பேச்சை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளை யாரோ கையைப் பிடித்து நிறுத்தினார்கள். அவள் பாதியைத் தாண்டியிருந்தாள். இதற்கு முன் எந்த மேடையிலும் சத்தம் குறையாமல் பாதியைத் தாண்டியதில்லை.

அண்ணன் கை இடப்பக்கம், பெட்டியை நோக்கி நகர்ந்தது. அவள் குதிகால் அழுந்தியது. சத்தம் இறங்கியது.

அவன் கை ஸ்லைடரைத் தாண்டிப் போய், பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தது. மூடியைத் திருகிக்கொண்டே அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் தொடவே இல்லையே பாப்பா. நீ ஏன் குறைச்சே? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு."

முன்வரிசைப் பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம் விட்ட பேச்சைத் தொடங்கிவிட்டாள். பிள்ளைகள் மறுபடி ஓடினார்கள். தங்கை மிச்சத்தையும் ஒரு தப்பில்லாமல் வாசித்தாள். குதிகாலை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கால்தான் வரவில்லை.