முனியப்பன் கயிறும் தூக்க மாத்திரையும்

எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவர்கள் முனியப்பன் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். அதன்பின் தொட்டால் சாமி குத்தம். என் வீட்டுக்காரர் மாதவராஜ் குடிக்க மாட்டார். அவர் ஓட்டிப்போன லாரி கவிழ்ந்ததிலிருந்து, கண்ணை மூடினாலே அலறி எழுவார். அதற்கு ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை, மறுபடி அவரைப் பார்க்காமலே வருடக்கணக்கில் மெடிக்கலில் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, மாத்திரையை விடுவதற்கும் கயிறு கட்டிக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மகராசன்!

இரண்டொரு நாளில் கை நடுங்கியது. அப்புறம் சாப்பிட உட்கார்ந்தவர் வலிப்பு வந்து சாய்ந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கவிப்பிரியா, அதே மாத்திரையை மறுபடி தொடங்காவிட்டால் வலிப்பு திரும்ப வரும், உயிருக்கே ஆபத்து என்றார். இவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"சாமி கயிறுங்க. செத்தாலும் தொட மாட்டேன்."

"நீங்க செத்துட்டா அந்தக் கயித்த நானா கட்டிக்கிட்டுத் திரியறது?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

டாக்டர் கட்டில் ஓரமாக வந்து நின்றார். "அண்ணா, மூளைக்கும் பிரேக் இருக்குங்க. காபான்னு ஒரு ரசாயனம். நரம்புல அதுக்குன்னு இருக்கற எடத்துல போய் உக்காந்தா நரம்பு அடங்கும். உங்க மாத்திரை தானா பிரேக் போடறதில்ல. காபாவுக்குப் பக்கத்துல உக்காந்து, அது மிதிக்கற மிதிக்குப் பலம் கூட்டுது. வருசக்கணக்குல அந்தப் பலத்துக்கே பழகி, அந்த எடம் மந்தமாயிருச்சு. இப்ப காபா மட்டும் மிதிச்சா பிரேக் பிடிக்காது."

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தொப்பூர் மலை எறக்கத்துல லாரிய நியூட்ரல்ல வுட்டாப்புல ஆயிப்போச்சுங்களா?"

"அதேதாங்க. கியர்ல எறங்கணும். மாசக்கணக்குல கொஞ்சங் கொஞ்சமா கொறச்சா, அந்த எடம் மறுபடி வேலைக்குத் திரும்பிரும்."

"அப்ப கயிறு?"

எனக்குப் பொறுக்கவில்லை. "வுடறேன்னுதான கட்டுனீங்க? இன்னைக்கே வுடறேன்னு முனியப்பங்கிட்ட தேதி சொன்னீங்களா?"

யோசித்தார். "தேதி சொல்லலையே."

"அப்பறம் என்ன? வாயத் தொறங்க!"

திறந்தார்.

அதன்பின் பட்ட பாடு கொஞ்சமில்லை. டாக்டர் ஒவ்வொரு தடவை அளவைக் குறைக்கும்போதும் இவருக்கு எரிச்சல், வியர்வை, சண்டை. நானும் சளைக்கவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தேன். முழுசு பாதியானது, பாதி கால் ஆனது. போன மாதம் அந்தக் கால் மாத்திரையும் நின்றது.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தார். "தூக்கம் வருமா, மணி?" என்று என்னைக் கேட்டார்.

"வந்தா வருது, வராட்டிப் போவுது. படுங்க."

பாத்திரத்தைக் கழுவிவிட்டு எட்டிப் பார்த்தேன். அதியமான்கோட்டை ரோட்டில் ஒரு லாரி வீடே அதிர ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பதறிப்போய் ஓடினேன். அவர் புரண்டு படுத்து, குறட்டையைத் தொடர்ந்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.