புனியின் மலை விழவில்லை

1

இந்தக் கதை எனக்கு இஞ்சி கழுவும்போது கிடைத்தது. புனியின் வீட்டுப் பின்புறம், குழாயடியில் இரண்டு பேரும் மண்ணோடு கிடந்த இஞ்சியை அலசிக்கொண்டிருந்தோம். தைவானின் தெற்கு மலையில், புனுன் மக்களின் இந்த ஊரில் நான் வந்து தங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் அதுவரை கேட்காத ஒன்றை அன்றைக்குக் கேட்டேன்.

"அக்கா, அந்தப் புயலப்போ ஊரையே கூட்டிட்டு இறங்கினீங்களே, கடவுள் சொல்லியா இறங்கினீங்க?"

"இல்லையே," என்றாள். "அவர் ஒண்ணும் சொல்லலை."

அவ்வளவுதான் கதை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவள் இறங்கினாள். இதை எழுதப்போய்த்தான் இத்தனை காகிதம் வீணாயிற்று.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[வானம் இருண்டது. மலை உறுமியது. தேவாலயத்தின் நடுவே புனி முழந்தாளிட்டு]

அடித்துவிட்டேன். மலை உறுமவில்லை. காலையிலிருந்து சாதாரண மழைதான், நிற்காத மழை. உறுமியிருந்தால் முடிவெடுப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

அடுத்தது:

[கணவன் போன நாளிலிருந்து புனி அந்தச் சாலையை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவள்]

இதுவும் பொய். புனி வாரம் தவறாமல் அந்தச் சாலையில்தான் சந்தைக்குப் போய்வருகிறாள். பார்க்காமல் இருந்தவன் அவள் கொழுந்தன் டாஹு.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் பின்னால் மலை, முன்னால் ஆறு, ஆற்றை ஒட்டி மலையைக் குடைந்து கீழே நகரத்துக்குப் போகும் ஒரே சாலை. பெருமழை வந்தால் ஊர்மேல் மலை சரியலாம். அதற்குப் பயந்து இறங்கினால் சாலையில் பாறை விழலாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு புயலில் புனிதான் தன் புருஷன் அஸிமானிடம் "கிளம்பு" என்று சொன்னாள். அவன் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு தன் நீலச் சரக்கு வண்டியில் இறங்கினான். பெரிய வளைவில் ஒரு பாறை வந்தது. பின்னால் இருந்தவர்களுக்குக் கீறல்தான். ஓட்டிய அஸிமான் பிழைக்கவில்லை.

அன்றைக்கு ஊரில் மலை சரியவே இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

3

இந்தமுறை புயல் வந்த மத்தியானம் வட்டார அலுவலகத்திலிருந்து ஊர்த் தலைவிக்குத் தொலைபேசி வந்தது. ஊர்த் தலைவி புனிதான். வேறு யாரும் அந்தத் தலைவலிக்கு முன்வராததால் அவள்.

"உங்க ஊர் நிலைமையைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணிக்கங்க," என்றது குரல்.

"நிலைமை என்னன்னு பார்க்கத்தானே உங்களைக் கேட்கறேன்?" என்று இவள் கத்தும்போதே இணைப்பு அறுந்துவிட்டது. அப்புறம் வரவே இல்லை.

எல்லாரும் தேவாலயத்தில் கூடினார்கள். சபை மூப்பரான டாஹு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

"இருப்போம் அண்ணி. கர்த்தர் நம்ம கன்மலைன்னு ஞாயித்துக்கிழமை ஜெபம் பண்ணிட்டு இன்னைக்கு மூட்டை கட்டினா என்ன அர்த்தம்?"

"கன்மலைதான் அண்ணே பயமா இருக்கு," என்றாள் உலி. ஊரில் வாய் நீளமானவள். "அதோ, பின்னாடி நிக்குதே, அது."

சிரிப்பு எழுந்து அடங்கியது. லினி பெரியவர் தடியைத் தட்டினார். "நான் எங்கேயும் வரமாட்டேன். கீழே பள்ளிக்கூடத் தரையில படுத்தா எனக்கு இடுப்பு புடிச்சுக்கும்."

"மலை விழுந்தா மொத்தமா புடிச்சுக்கும் பெரியப்பா," என்றாள் உலி.

புனி கண்ணை மூடினாள். ஓர் அடையாளம் கொடு என்று வாய்விட்டுக் கேட்டாள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லாரும் கண்ணை மூடினார்கள். அப்போது வாசல் வழியாக உலியின் நாய்* உள்ளே வந்து, நடுவில் நின்று, உடம்பைச் சிலுப்பி முன்வரிசை முழுவதையும் நனைத்தது.

"இதுதான் அடையாளமா?" என்றார் யாரோ.

"நாயே உள்ளே வந்துடுச்சு. அப்போ இருக்கணும்னு அர்த்தம்," என்றான் டாஹு, முகத்தைத் துடைத்தபடி.

"நனைஞ்சு போவீங்கன்னு அர்த்தம்," என்றாள் உலி.

(* கடைசியாக வண்டியில் ஏறியதும் கீழே போய் முதலில் குதித்ததும் இந்த நாய்தான். கதையில் இதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.)

4

இந்த இடத்தில் ஒரு போதகரை எழுதியிருந்தேன். நரைத்த தாடி, கனிந்த கண்கள். அவர் புனியைத் தனியே அழைத்து, "மகளே, முடிவு என்பது" என்று தொடங்கி அழகான ஒரு பக்கம் பேசினார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. படித்துக் காட்டினேன்.

"போதகர் அன்னைக்கு ஊர்லயே இல்லையே. கூட்டத்துக்குன்னு கீழே போயிருந்தார். அவருக்குத் தாடியும் கிடையாது."

"கதைக்காக அக்கா."

"அவர் இருந்திருந்தா நான் ஏன் அவ்வளவு பயப்படறேன்? அவர் தலையில கட்டிட்டுச் சும்மா இருந்திருப்பேனே."

அவள் சொன்னது சரி. போதகரை எடுத்துவிட்டேன். அந்த ஒரு பக்கம் போனதில் கதை கொஞ்சம் முட்டாள்தனமாகவும் நிறைய உண்மையாகவும் ஆகிவிட்டது.

5

புனி எழுந்து தேவாலயத்தின் பின்னால், பாத்திரங்கள் வைக்கும் சின்ன அறைக்குப் போனாள். பெரிய சோற்றுப் பானைகளுக்கு நடுவே நின்றாள். முழந்தாளிட இடமில்லை. அங்கே சொன்னதை அவள் எனக்கு அப்படியே சொன்னாள்; நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"அப்பா, அன்னைக்கும் உன்கிட்ட கேட்டுட்டுத்தான் அவரைக் கிளம்பச் சொன்னேன். அவர் திரும்பி வரலை. எனக்கு இன்னும் உன்மேல கோவம்தான். அதை அப்புறம் பேசிக்கலாம், இப்ப நேரமில்லை. இருந்தா மலை, போனா ரோடு. ரெண்டும் உன்னோடது. நான் இவங்களைக் கூட்டிட்டுப் போறேன். தப்பா இருந்தா... தப்பா இருந்தாலும் நீ கூடவே வா."

"அப்போ மனசுல ஓர் அமைதி வந்துச்சா அக்கா?" என்று கேட்டேன். வந்தது என்று சொல்வாள், எழுதிவிடலாம் என்று பேனாவோடு இருந்தேன்.

"அமைதியா? வயித்தைக் கலக்குச்சு."

"அப்புறம் எதை நம்பி?"

"கூட வான்னு சொன்னேன்ல. வருவார்னு நம்பித்தான். வழி காட்டினாரான்னு கேட்டா எனக்குத் தெரியாது. வழியில இருப்பார்னு தெரியும்."

வெளியே வந்து, "கிளம்பறோம்" என்றாள். முணுமுணுப்பு, சலிப்பு, நாற்காலி இழுபடும் சத்தம். லினி பெரியவர் தலையணையை மட்டும் கொண்டுவர அனுமதி கேட்டார். தேவாலயம் காலியானது. டாஹு மட்டும் எழவில்லை.

"நீங்க போங்க அண்ணி. நான் இங்கேயே ஜெபம் பண்ணிட்டு இருக்கேன்."

அவன் கையில் வேதாகமம் தலைகீழாக இருந்தது. புனி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விசுவாசமா தம்பி, பயமா?"

வேதாகமத்தை மூடிவிட்டுச் சொன்னான்: "அன்னைக்கு அண்ணன் வண்டிக்குப் பின்னாடி வந்தது என் வண்டி."

"தெரியும்."

"அந்த வளைவை என்னால பார்க்க முடியாது அண்ணி."

அண்ணன் போனதிலிருந்து அவன் ஊரைவிட்டு இறங்கியதே இல்லை. மேல்தோட்டம் வரைதான் வண்டி ஓட்டுவான். அரிசியும் மருந்தும் அடுத்தவர் வண்டியில் வரும்.

"எனக்கும் பயம்தான்," என்றாள் புனி. "முதல் வண்டியை நீ ஓட்டு. நான் பக்கத்துல உட்கார்றேன்."

"நான் எதுக்கு?"

"ஊர்ல உன்னை மாதிரி ஆமை வேகத்துல ஓட்ட வேற யார் இருக்கா? எனக்கு ஆமைதான் வேணும்."

6

வளைவில் சாலை முழுக்கக் கற்கள். பெரிய பாறை இல்லை. இரண்டு கையால் தூக்கக்கூடியவை. வண்டி போக இடமில்லை. டாஹு வண்டியை நிறுத்தினான். வண்டிதான் நின்றது. அவன் விரல்கள் ஸ்டியரிங்கைவிட்டு வரவில்லை.

[அப்போது மேலிருந்து ஒரு பெரும் சத்தம்]

இல்லை. மேலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்தன, அவ்வளவுதான். ஆனால் நிற்கக்கூடாத இடத்தில்தான் எல்லாரும் நின்றார்கள்.

"நீ இப்படியே இரு," என்றாள் புனி. "நாங்க எடுத்துப் போடறோம். வழி ஆனதும் நீ ஓட்டினா போதும்."

பின்வண்டிகளில் இருந்தவர்களும் இறங்கினார்கள். வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றிக் கற்களை ஆற்றுப்பக்கம் எறிந்தார்கள். லினி பெரியவரைத் தவிர எல்லாரும். அவர் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "அதை விட்டுட்டியே, இதை விட்டுட்டியே" என்று மேற்பார்வை பார்த்தார். உலி அவரிடம் சொன்னதை இங்கே அச்சிட முடியாது.

வரிசையில் ஓரிடத்தில் புனி கல்லுக்குக் கையை நீட்டினாள். நீட்டிக் கொடுத்த கை டாஹுவுடையது. எப்போது இறங்கினான் என்று அவள் பார்க்கவில்லை. கல்லை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தாள்.

வழி ஆனது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. இருட்டும் முன் எல்லாரும் கீழே பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஒருவரும் குறையவில்லை.

7

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன.

ஒன்று: அவர்கள் இறங்கிய பிறகு மலை சரிந்து ஊரை மூடுகிறது, புனி ஊரைக் காத்தவள் ஆகிறாள். அரைப்பக்கம் எழுதி, புல்லரித்துப் போய், அவளிடம் படித்துக் காட்டினேன். புனி இஞ்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என் வீட்டை எதுக்கு மண்ணுல புதைக்கறே?"

"நீங்க எடுத்த முடிவு சரின்னு தெரியணுமே அக்கா."

"ஏன், மலை விழுந்தாத்தான் கடவுள் நல்லவரா?"

இரண்டாவது முடிவில் சாலையில் பாறை விழும். அதை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அடுப்பில் போட்டேன்.

நடந்தது இதுதான். புயல் திசைமாறிக் கடலுக்குப் போய்விட்டது. மலை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு கூரைத்தகடுகூடப் பறக்கவில்லை. வாழைக்குலைகளை மட்டும் குரங்குகள் தின்றிருந்தன.

"சும்மா கூட்டிட்டுப் போய் இடுப்பை ஒடிச்சுட்டா. இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது," என்று லினி பெரியவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். சொல்வதற்கு அவர் இருக்கிறார்.

8

புயலின்போது நகரத்தில் மாட்டிக்கொண்டிருந்த நான், சாலை திறந்ததும் அவர்கள் வண்டியிலேயே மேலே வந்தேன். டாஹு ஓட்டினான். வளைவு வந்ததும் தானாகவே வண்டியை ஓரங்கட்டி இறங்கினான். சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தான். திரும்பி வந்து சன்னலில் கைவைத்து நின்றான்.

"அண்ணி, இவ்வளவு சின்ன வளைவா இது?"

புனி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பின்னால் இருந்த உலி, "வண்டியை எடுங்கண்ணே, எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது" என்றாள். வண்டி கிளம்பியது.

ஊரில் மின்சாரம் இல்லை. எல்லா வீட்டுக் குளிர்ப்பெட்டியிலும் இறைச்சி உருகி வழிந்துகொண்டிருந்தது. அன்றைக்கே தின்னாவிட்டால் கெட்டுவிடும். எனவே தேவாலயத்து முற்றத்தில் அடுப்பு மூட்டி, ஊரிலிருந்த காட்டுப்பன்றி, கோழி, மீன் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சமைத்தார்கள். யாருடையது எது என்று ஒருவரும் கேட்கவில்லை. தினை மது ஒரு வீட்டிலிருந்து வந்தது, பிறகு எல்லா வீட்டிலிருந்தும். டாஹு நன்றி ஜெபம் பண்ண எழுந்தான். "நன்றி அப்பா" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் "ஆமென்" என்றார்கள்.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். இறங்கியது சரியா? தெரியாது. அடுத்த புயலில் புனி இருக்கச் சொல்வாளா, கிளம்பச் சொல்வாளா? அது அவளுக்கே தெரியாது. அந்தச் சின்ன அறையில், பானைகளுக்கு நடுவே, மறுபடியும் வயிற்றைக் கலக்க நிற்பாள் என்பது மட்டும் தெரியும். மிச்சத்தை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலும் முன்னால் ஒரு சாலையும் பின்னால் ஒரு மலையும் இருக்கும்.

என்னால் இப்போது முடியாது. இதை எழுதிக்கொண்டிருக்கும் என் முன்னால் புனி ஆவி பறக்கும் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "என்ன பார்த்துட்டே உட்கார்ந்திருக்கே, ஆறிடும், வாங்கு" என்கிறாள். அவளுக்குக் கை சுடுகிறது. பேனாவை வைத்துவிட்டு வாங்கிக்கொள்கி—