தோளில் இழுக்கும் பட்டி

என் அக்காவிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் தையலைத் திருப்பித்தான் பார்ப்பாள். தையற்கடையில் துணி வெட்டியே வயதானவள், வேறென்ன செய்வாள்? எலும்பு அடர்த்தி குறைந்து, முதுகெலும்பில் ஒன்று நசுங்கி, டாக்டர் முதுகுக்கு பெல்ட் எழுதிக் கொடுத்தபோதும் அதைத்தான் செய்தாள். பின்னால் ஒரு தகடு, தோளுக்கு இரண்டு பட்டி.

"பட்டி உறுத்துதே, யாரு வெட்டினது இத?" என்று முதலில் திட்டினாள். அப்புறம் கேள்வி கேட்டாள். "என் முதுகு செய்யற வேலைய இது செஞ்சிட்டா, என் முதுகு என்ன செய்யும்? தூங்குமா?"

பிசியோதெரபி பெண் சிரித்தாள். "நல்ல கேள்விம்மா. உங்க முதுகு எவ்வளவு பலமா தள்ளுதுன்னு மெஷின்ல பாத்து வெச்சுக்கலாம். தினமும் கொஞ்ச நேரம் போடுங்க, பயிற்சியும் செய்யுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

எனக்கோ வேறு கவலை. "கூனிக்கிட்டு நிக்கிறவங்ககிட்ட வெட்டு மேசைய எத்தனை நாள் விடறது?" என்று முதலாளி என் காதுபடவே கேட்டிருந்தார். அதே கடையில் பட்டன் தைக்கிறவள் நான். மேசை போனால் அக்கா உடைந்துபோவாள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் ஆனது. மெஷின் முள் பழைய அளவைவிட்டு இம்மியும் நகரவில்லை.

"நான் சொல்லல? தசைய சோம்பேறியாக்கிடுச்சு," என்றாள் அக்கா. ஜெயித்தவள் பேச்சு, முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது.

அந்தப் பெண் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். "தோள்ல இழுக்குதாம்மா?"

"இழுக்கவே இல்ல. சுகமா இருக்கு."

"இழுக்கணுமே!"

அக்கா முழித்தாள். எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிய மறுநாளே பட்டிகளைப் பிரித்து, நீளம் விட்டு, மெத்தை வைத்துத் தைத்திருந்தாள் மகராசி. தையல் அவ்வளவு சுத்தம், அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை.

"இது உங்களத் தாங்கறதுக்கு மட்டும் இல்லம்மா. நீங்க குனிஞ்சா பட்டி இழுக்கும், உடனே நீங்கதான் நிமிரணும். நிமிர்த்தற வேலை உங்க தசையோடது."

அக்கா யோசித்தாள். "அப்ப நச்சரிச்சுக்கிட்டே இருக்கறதுதான் இதோட வேலையா? அதுக்குத்தான் என் தங்கச்சி இருக்காளே!"

அன்றைக்கே பிரித்துப் பழைய அளவுக்குத் தைத்து, அந்தப் பெண்ணிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டாள். முணுமுணுத்துக்கொண்டே போட்டாள், பயிற்சியும் செய்தாள். மாதங்கள் ஓடின.

ஒரு நாள் பெரிய ஆர்டர். அக்கா மேசையில் துணி விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "பெல்ட் போட்டா நல்லாத்தான் நிக்கிறாங்க, மேசை அவங்ககிட்டயே இருக்கட்டும்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, போட்டு ரொம்ப நேரமாச்சு, கழட்டு," என்று பின்னால் போய் முதுகில் கை வைத்தேன். தகடும் இல்லை, பட்டியும் இல்லை. ரவிக்கைக்கு அடியில் அவள் முதுகுதான் இருந்தது, சூடாக, நிமிர்ந்து.

"அத அப்பவே கழட்டியாச்சு," என்றாள் திரும்பாமல். "கைய எடுடி, வெட்டு கோணலாகுது."