பத்தொன்பதும் ஒன்றும்

என் தங்கையின் கணவர் எங்கள் டயர் கடையில் கல்லாவில் உட்காருகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிரிக்கெட் அணியின் கேப்டனும் அவர்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக நான் விழுங்கிய வார்த்தைகளைச் சேர்த்து வைத்தால் ஒரு லாரி போதாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை என்னால் விழுங்க முடியவில்லை.

ஒரு காரின் சக்கரத்தை பேலன்சிங் மெஷினில் மாட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை செல்போனை நோண்டியபடியே, "மச்சான், இங்கிலாந்து ஸ்பின்னர்கள்ல எல்லாக் காலத்துக்கும் யாரு பெஸ்ட்னு ஒருத்தன் வரிசை போட்டிருக்கான். ஸ்வான் முதல் இடம். அண்டர்வுட் ரெண்டு. லேக்கர் மூணு" என்றார்.

"வெரிட்டி?"

"அப்படி யாரும் இதுல இல்லையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டெஸ்ட் போட்டிகளில் பிராட்மேனை வேறு எவரையும்விட அதிக முறை வீழ்த்தியவர் வெரிட்டி. போருக்குப் போய் உயிரை விட்டவர். அவருக்கு ஒரு மூலைகூடக் கிடையாதாம். ஸ்வான் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நல்ல பவுலர். வரிசை போட்டவன்தான் கையில் சிக்க வேண்டும்.

"எதுக்கு இப்படிக் கொதிக்கிறீங்க? அந்தக் காலத்துல மழை பெஞ்சா பிட்ச்சை மூடவே மாட்டாங்க. நனைஞ்சு, வெயில்ல காஞ்சு, பந்து கன்னாபின்னான்னு எகிறும். அந்த மாதிரி பிட்ச் கிடைச்சா யார் வேணா விக்கெட் எடுக்கலாம். இந்தக் கல்லாப்பெட்டிகூட எடுக்கும்" என்றார் மாப்பிள்ளை.

கல்லாப்பெட்டியாம்! அப்படி மழையில் நனைந்த பிட்ச்சில் சாதனை படைத்த லேக்கரைப் பற்றி இப்படிச் சொல்ல இவருக்கு என்ன துணிச்சல்? நானும் ஆஃப் ஸ்பின் போடுகிறவன். மாப்பிள்ளை எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பிருந்தே இந்த அணிக்குப் போடுகிறேன். இப்போது எனக்குப் போட்டியாக ஒரு பல் டாக்டர் வந்து சேர்ந்திருக்கிறார். இடதுகை ஸ்பின், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். அடுத்த வாரம் இறுதிப்போட்டி. அதில் ஒரு ஸ்பின்னருக்குத்தான் இடம். இந்த ஞாயிறு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்று, சொந்த மச்சான் என்றும் பாராமல், மாப்பிள்ளை சொல்லியிருந்தார்.

எங்கள் மைதானத்துக்குத் தனியாக ஆள் கிடையாது. ஆட்டத்துக்கு முந்தைய சாயங்காலம் பிட்ச் மேல் தார்ப்பாய் இழுத்து மூடுவது எங்கள் வேலை, முறை வைத்துச் செய்வோம். அந்தச் சனிக்கிழமை எனக்கும் மாப்பிள்ளைக்கும் முறை. கனமான தார்ப்பாய், ஒற்றை ஆளால் நகர்த்த முடியாது. பாதி தூரம் இழுத்திருப்போம். "கல்லாப்பெட்டி மேட்டர் இன்னும் மனசுல இருக்கா மச்சான்?" என்று அவர் வாயைப் பிடுங்கினார்.

கயிற்றைக் கீழே போட்டேன்.

"ஐம்பத்தாறுல, ஆஸ்திரேலியாவுக்கு எதிரா, ஒரே டெஸ்ட்ல லேக்கர் பத்தொன்பது விக்கெட். எதிர் முனையில யாரு? லாக். அவரும் சாதாரண ஆள் இல்ல. அதே பிட்ச், அதே மழை. லாக் எடுத்தது எத்தனை தெரியுமா? ஒண்ணு! பிட்ச்தான் விக்கெட் எடுக்குதுன்னா லாக்குக்கு ஏன் குடுக்கல? அவரு என்ன பாவம் பண்ணினாரு?"

"லக்குதான்."

"பத்தொன்பது தடவையுமா?"

தூறல் விழுந்தது. கொட்டகைக்குள் ஓடினோம், ஓடும்போதும் வாதம் நிற்கவில்லை. அவர் குரலை உயர்த்தினார், நான் அதற்கு மேல் உயர்த்தினேன். தகரக் கூரையில் மழை சத்தம் போட்டதால் இருவரும் இன்னும் கத்த வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் மூச்சு வாங்க நிறுத்தி வெளியே பார்த்தோம். தார்ப்பாய் பாதி வழியில் கிடந்தது. பிட்ச் மேல் தண்ணீர் நின்றது.

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. என் முகத்திலும் ஆடியிருக்காது.

மறுநாள் காலையில் சுள்ளென்று வெயில். "ராத்திரிக் காத்துல தார்ப்பாய் பறந்துடுச்சு" என்று அணியினரிடம் மாப்பிள்ளை கூசாமல் சொன்னார். நானும் தலையாட்டினேன். பிட்ச்சைத் தொட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுத்தது. படித்தும் கேட்டும் ஏங்கிய பிட்ச், என் காலடியிலேயே கிடந்தது!

மாப்பிள்ளை என்னைத் தனியே அழைத்தார். "மச்சான், இன்னைக்கு நீங்க விக்கெட்டா அள்ளினா பைனல்ல உங்க இடம் உறுதி. ஆனா யார் வேணா எடுக்கலாம்னு நான் சொன்னது சரின்னு ஒத்துக்கணும்."

"எடுத்துட்டு ஒத்துக்கிறேன்" என்றேன். ஆமாம், அவ்வளவு சுலபமாக லேக்கரை விட்டுக்கொடுத்தேன்.

முதல் பந்தே விழுந்த இடத்திலிருந்து சரேலென்று திரும்பியது. பேட்டுக்கும் சிக்கவில்லை, கீப்பருக்கும் சிக்கவில்லை, எல்லைக்கோட்டைத் தாண்டியது. இன்னும் முறுக்கினேன். இன்னும் திரும்பியது. குறைத்துக்கொள் என்று மூளை சொன்னது, விரல் கேட்கவில்லை. எதிரணியினர் காலை நீட்டிப் பந்தை விட்டுவிட்டார்கள், தவறி விழுந்ததை அடித்து நொறுக்கினார்கள். எதிர் முனையில் பல் டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார், கொஞ்சம் வேகத்தைக் கூட்டினார், சுழற்சியைக் குறைத்தார், ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொருவராக நடையைக் கட்டினார்கள்.

அவருக்கு ஒன்பது. எனக்கு ஒன்று. அதுவும் கடைசி ஆள், முழங்கால் உயரத்துக்கு வந்த ஃபுல்டாஸை மாப்பிள்ளை கைக்கே நேராக அடித்துக் கொடுத்தது.

ஆட்டம் முடிந்ததும் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் மாப்பிள்ளை. நக்கல் செய்யட்டும், வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று தயாராக இருந்தேன்.

"நான்தான் தப்பு மச்சான். நீங்க சொன்னதுதான் சரி. அதே பிட்ச், அதே மழை. போடுறவன் கையிலதான் இருக்கு. லேக்கர் பெரிய ஆள்தான்."

மனதாரச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நக்கல் செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

"பைனலுக்கு டாக்டரைத்தான்..." என்று இழுத்தார்.

"தெரியும்" என்றேன்.

வீட்டில் என் சேற்றுச் சட்டையை வாங்கிக்கொண்டே தங்கை கேட்டாள்: "ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்துனீங்களே, கடைசியில யார் சொன்னது சரி?"

"உன் அண்ணன் சொன்னதுதான்" என்றார் மாப்பிள்ளை.

"அட! ஜெயிச்சுட்டு ஏண்ணா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே?"

"அந்த வரிசையில வெரிட்டி இன்னும் இல்லையே!" என்று கத்தினேன். குரல் உடைந்துவிட்டது. முகம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன்.