வல்லிநாயகம் கேட்ட இரண்டடி

தென்காசியில் மளிகைக்கடை வைத்திருக்கும் வல்லிநாயகத்துக்குப் பக்கத்து வீட்டு நூர்நிஷா தன் மனையில் இரண்டடியை அமுக்கிவிட்டாள் என்று சந்தேகம். ஆதாரம் கிடையாது. பார்த்தாலே தெரிகிறதாம். சாரல் சீசனில் அருவியில் குளிக்க மருமகன் பாண்டியராஜ் வருவதற்குள் அந்த இரண்டடியை மீட்டு, கம்பிவேலி போட்டு, தான் யாரென்று மாப்பிள்ளைக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நூர்நிஷாவின் கணவன் நாசர் துபாயில் இருந்ததும் வசதியாகப் போயிற்று.

"பேச்சே வேண்டாம்மா. சர்வேயர் காட்டுத எடத்துல வேலி. அம்புட்டுதான்."

"சரி அண்ணாச்சி, அளந்துருவோம்" என்றாள் நூர்நிஷா.

அவள் உடனே ஒத்துக்கொண்டது அவருக்குப் பிடிக்கவேயில்லை. முழியே சரியில்லை என்று கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். சீயக்காய் வாங்க வந்தவர்கள், பாவம், முழு வழக்கையும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

சர்வேயர் அனுசியா புலப்படமும் டேப்புமாக வந்தார். தெருமுனைப் புதருக்குள் பழைய அளவுக்கல்லைக் கண்டுபிடித்து, அங்கிருந்து டேப்பை இழுத்தார். அது நூர்நிஷா பக்கம்தான் வரும் என்று வல்லிநாயகம் முன்கூட்டியே அங்கே போய் நின்றுகொண்டார். டேப் அவர் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு நேரே போனது. வீட்டை ஒட்டி, மருமகனுக்கென்று போன வருஷம் டைல்ஸ் பதித்து, கழிப்பறையோடு தனியாகக் கட்டிய குளியலறை முழுசும் நூர்நிஷா பக்கம் நின்றது.

"பாத்ரூம் அவங்க எடத்துல நிக்கி அண்ணாச்சி."

"நல்லா பாரும்மா. படம் பழசா இருக்கும்."

"நெலமும் பழசுதான அண்ணாச்சி."

கட்டும்போது எல்லையைக் காலால் எட்டு வைத்து அளந்தவர் வல்லிநாயகமேதான். கடைசி எட்டுகளைக் கொஞ்சம் தாராளமாக வைத்திருந்தார்.

"பக்கத்துப் பக்கத்து வீடு. முன்னப்பின்ன இருக்கத்தானம்மா செய்யும்?" என்று நூர்நிஷாவிடம் குழைந்தார்.

"இடிக்கவா சொல்லுதேன்? வேலில ஒரு கதவு வச்சுக்கிடுங்க. சாவி எங்கிட்ட இருக்கட்டும். வேணும்னா ஒரு சத்தம் குடுங்க, தொறந்து விடுதேன்."

வேலி வந்தது, கதவு வந்தது, பாண்டியராஜும் வந்தார். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி, பூட்டிய கதவின் முன்னால் நின்றார்.

"நூர்நிஷா! தாயே!" தெருவே கேட்க வல்லிநாயகம் கூப்பிட்டார்.

"தேடிக்கிட்டுதான் இருக்கேன் அண்ணாச்சி. சாவிய எங்கன வச்சேன்னு தெரியல. மாப்பிள்ளைய கொஞ்சம் பொறுத்துக்கிட சொல்லுங்க."

அதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியவர் வல்லிநாயகம்.