காப்பியைக் குறைத்தால் சண்டையாம்

வயிறு புண்ணாகிவிட்டது, காப்பியைக் குறை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்னவருக்கென்ன? எத்தியோப்பியாவில் பிறந்துவிட்டுக் காப்பியைக் குறைப்பதாவது! காலைப் பசியை மதியம்வரை அடக்கிவைப்பதே அதுதான். காப்பியை அடியோடு விட்டதும், விடிந்த கையோடு வயிறு பசியில் கத்தியது. வறுத்த பார்லியை மென்றேன், தண்ணீரைக் குடித்தேன், பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். பக்கத்து வீட்டு ஃபனாயே காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டேன், அவள் கூப்பிட்டும் போகவில்லை.

அதுதான் வினையாயிற்று. எங்கள் தெருவில் காப்பிக்குக் கூப்பிட்டுப் போகவில்லை என்றால் சண்டை என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பெரியவர் மெர்ஷா இரண்டு பேரோடு சமாதானம் பேச வந்துவிட்டார்.

"திருங்கோ, ஃபனாயே அழுவுறாம்மா. அப்படி என்னதான் பண்ணிட்டா?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல பெரியப்பா. வயித்துல புண்ணு, டாக்டர்தான்..."

"கோவத்துல இருக்கறவங்க எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்வாங்க. நட, நட."

வெறும் வயிற்றோடு என்னை ஃபனாயே எதிரில் உட்காரவைத்தார்கள். முதல் கோப்பையைக் குடித்தேன். இரண்டாவதையும் குடித்துவிட்டு எழுந்தேன்.

"மூணாவதுலதானக்கா ஆசீர்வாதமே இருக்கு. அத விட்டுட்டுப் போனா, மனசுல இன்னும் வச்சிருக்கீங்கன்னுதான அர்த்தம்?" என்று ஃபனாயே கண்ணைக் கசக்கினாள்.

அதையும் குடித்தேன். பசி அடங்கியது, வயிறு எரிந்தது. சமாதானம் ஆகிவிட்டது என்று பெரியவர் வாழ்த்திவிட்டுக் கிளம்பினார்.

அதுவரை எனக்கு ஃபனாயேமேல் துளிக் கோபம் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் வந்தது.