மௌனத்துக்கு இரண்டு சாட்சிகள்

தர்ஃபா பஞ்சை மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து வாப்பாவின் உதட்டில் வைத்துப் பிழிந்தாள். சொட்டு உள்ளே போகாமல் கன்னத்தில் வழிந்து தாடிக்குள் இறங்கியது.

"விழுங்குங்க வாப்பா. ஒரே ஒரு சொட்டு. எனக்காக."

எனக்காக என்று அவள் சொன்னது பொய். தங்கை வத்ஹாவுக்காகத்தான் அவள் அந்த உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அதன் குழாய் மூக்கில் இருக்க, வாப்பாவின் நெஞ்சு ஒரு முறை எழும்பியது. அடுத்த முறை எழும்புமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பெற்ற தகப்பனுடைய மூச்சை இப்படிக் காரியத்துக்காகக் காவல் காக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வாப்பாவுக்கு அமீர் ஃபவ்வாஸ் என்று பெயருக்கு முன்னால் இளவரசப் பட்டம் இருந்ததே தவிர, அரண்மனைக் கணக்கில் அவர் கடைசி வரிசை ஆள். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அண்ணன் மகன் மித்இப், தர்ஃபாவுக்குப் பதினெட்டு வயதாகும்போது ஒரு விருந்தில் எழுந்து நின்று, "தர்ஃபா எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனபோதுகூட அவர் வாய் திறக்கவில்லை. அவர்கள் குல வழக்கத்தில் பெரியப்பா மகன் பாத்தியதை சொல்லிவிட்டால் வேறு யாரும் அந்தப் பெண்ணைக் கேட்க முடியாது. தெரியாமல் கேட்டு வந்தவர்களும் காப்பியைக் குடித்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் எழுந்து போனார்கள். மித்இப் அதற்குப் பிறகு மூன்று பெண்களைக் கட்டினார். தர்ஃபாவைக் கட்டவுமில்லை, விடவுமில்லை. நாற்பதைத் தாண்டியும் அவள் இதே வீட்டில், இதே மாடியில் இருந்தாள்.

போன வருஷம் அதே மித்இப் வத்ஹாவைக் கேட்டு ஆள் அனுப்பினார். வத்ஹாவுக்குப் பத்தொன்பது வயது. வாப்பாவின் இரண்டாம் மனைவி மகள். அவளுடைய உம்மாவைத் தலாக் சொல்லி ஊருக்கு அனுப்பிய பிறகு தர்ஃபாதான் அவளுக்குச் சோறூட்டித் தலைசீவி வளர்த்தாள். ஆள் வந்த அன்றைக்குத்தான் வாப்பா ஆயுளில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் உடம்புல மூச்சு இருக்கிறவரைக்கும் வத்ஹா அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டா."

மகன் ராகான், மித்இபின் ஆட்கள், காப்பி ஊற்றுகிறவன் எல்லோரும் கேட்கும்படி சொன்னார். ஒரு மகளை வாடவிட்ட குற்றத்துக்கு இன்னொரு மகளைக் காப்பாற்றிக் கழித்துக்கொள்கிறார் என்று தர்ஃபா நினைத்தாள். அவளுக்கு அதில் கோபமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

ராகான் உள்ளே வந்தான். கையில் போன். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், அவள் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவன்.

"இன்னும் எவ்வளவு நேரம் இப்படித் தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பே அக்கா?"

"மூச்சு இருக்கே தம்பி."

"மூச்சு மட்டுந்தான் இருக்கு. டாக்டரே சொல்லிட்டாரு. நிம்மதியாப் போக விடு." கட்டிலின் கால்மாட்டில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த வத்ஹாவைப் பார்த்தான். பார்த்துவிட்டு போனில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டே வெளியே போனான்.

வெளிச்சம் வந்து சற்று நேரத்தில் நெஞ்சு எழும்பவில்லை. தர்ஃபா காத்திருந்தாள். இயந்திரம் தன்பாட்டுக்குக் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. குழாயை மூக்கிலிருந்து எடுத்துக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டு, கண்களை மூடிவிட்டாள். கலிமாவைச் சொன்னாள். பிறகுதான் வத்ஹாவின் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

வத்ஹா அழுததைவிடப் பேசியதுதான் அதிகம். அவள் பிறவி வாயாடி. "அக்கா, இனி ராகான்தானே எனக்குப் பொறுப்பு? அவன் என்னை அந்தக் கிழவனுக்குத் தள்ளிவிடத்தான் பாப்பான். நான் சும்மா இருக்க மாட்டேன். எல்லார் முன்னாடியும் கேக்கறேன், வாப்பா வாக்கு என்னாச்சுன்னு..."

தர்ஃபா அவள் வாயைப் பொத்தினாள். இந்த வாய்க்காகத்தான் போன ரமலானில் ராகான் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவளை அறைந்தான். மேல்மாடி அறையில் போட்டுப் பூட்டிப் போனையும் பிடுங்கிக்கொண்டான். வாப்பா தடியூன்றி மாடி ஏறிவந்து கதவைத் திறந்துவிட்டார். இனிமேல் திறந்துவிட யாருமில்லை.

"நான் சொல்றதைக் கேளு. நாளைக்கு மாமி வந்துடுவாங்க."

மாமி என்றால் வாப்பாவின் மூத்த சகோதரி. கடற்கரை நகரத்தில் இருக்கிறாள். மன்னரின் தாயாரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். ராகான் பயப்படுகிற ஒரே பெண்பிள்ளை.

"அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. அவன் கத்தினாலும் சரி, கையை ஓங்கினாலும் சரி. இன்னிக்கு அவனுக்குக் கோபம் வந்துச்சுன்னா உன்னைப் பூட்டிடுவான், மாமி கண்ணுலயே காட்ட மாட்டான். பேச மாட்டேன்னு அல்லாஹ் மேல சத்தியம் பண்ணு."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட. நான் சொல்றவரைக்கும்."

வத்ஹா சத்தியம் செய்தாள்.

ஆண்கள் வந்து குளிப்பாட்டி வெள்ளைக் கபன் துணி சுற்றினார்கள். பெண்களுக்காக முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். தர்ஃபா குனிந்து நெற்றியில் முத்தமிட்டபோது கற்பூரம் மணத்தது. ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் உள்வாசலோடு நின்றுகொண்டார்கள். அடக்கம் செய்கிற மையத்தாங்கொல்லைக்கு அவர்கள் போகிற வழக்கமில்லை. போய்ப் பார்த்தாலும் அங்கே எது யார் கபுர் என்று தெரியாது. ஒரு கல் மட்டும் நட்டிருப்பார்கள், பெயர் இருக்காது.

மதியமெல்லாம் பெண்கள் கூடத்தில் கசப்புக் காப்பியும் பேரீச்சம்பழமும் சுற்றி வந்தன. வத்ஹா தர்ஃபாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தலையை மட்டும் அசைத்தாள். தூரத்து உறவான ஹைஃபாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏண்டி, பறக்கிற பருந்தைப் பேசியே தரைக்கு இறக்குறவளாச்சே நீ! இன்னிக்கு என்ன, நாக்கையும் வாப்பாவோட அனுப்பிட்டியா?"

இரண்டு பேர் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். வத்ஹாவின் உதடு துடித்தது. தர்ஃபா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அவள் அடங்கினாள். பரவாயில்லை, சொன்ன சொல் கேட்கிறாள் என்று தர்ஃபாவுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. கடற்கரை நகரத்திலிருந்து சேதி வந்திருந்தது: மாமி காலை விமானத்தில் ஏறுகிறாள்.

அந்தி நேரத்து மக்ரிப் தொழுகை முடிந்ததும் ராகான் நடைவாசலில் வந்து நின்று கூப்பிட்டான். செருப்பில் கபுர் மண் இன்னும் இருந்தது.

"வத்ஹாவைக் கூட்டிக்கிட்டுச் சின்ன அறைக்கு வா அக்கா. ஷேக் உங்களுக்கு துஆச் செய்யணும்கிறாரு."

சின்ன அறை ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவில் இருந்தது. அதன் கதவை ஒரு சாண் திறந்து வைத்து அந்தப்பக்கம் உட்கார்ந்துதான் ஷேக் அவர்கள் இருவருக்கும் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தார். அந்தக் குரலை தர்ஃபா ஏழு வயதிலிருந்து நம்பியவள். இருவரும் கதவோரம் போய் நின்றார்கள். ராகான் இந்தப்பக்கம், வத்ஹாவுக்கு நேர் எதிரே நின்றான்.

"அல்லாஹ் உங்க வாப்பாவோட கபுரை விசாலமாக்கட்டும்," என்றார் ஷேக் அந்தப்பக்கமிருந்து. "பொறுமையா இருக்கணும் பிள்ளைங்களா. நல்ல மனுஷன். ஈயைக்கூடக் கடிஞ்சு பேசாத மனுஷன்."

தர்ஃபா அழுதாள். காலையிலிருந்து அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு, குரல் எங்கே திரும்பியது என்று பிடிபடவில்லை.

"...வாப்பா இல்லாத பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு துணை வேணும். வத்ஹா, மகளே, உன் அண்ணன் ராகான்..."

ராகான் கை உயர்ந்தது. தலைத்துணியைச் சரிசெய்யத்தான் உயர்த்தினான். அது தெரிவதற்குள் தர்ஃபாவின் விரல்கள் வத்ஹாவின் மணிக்கட்டை இறுக்கிவிட்டன. பேசாதே என்று அர்த்தம். நாள் முழுக்க அதற்கு அதுதான் அர்த்தம்.

"...உன்னை அமீர் மித்இபுக்கு நிக்காஹ் செஞ்சு தர விரும்புறாரு. மஹர் பணமும் பேசியாச்சு. உனக்குச் சம்மதமாம்மா?"

வத்ஹா திரும்பி அக்காவைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. வாய் திறந்திருந்தது. நான் சொல்றவரைக்கும் என்று அக்கா சொன்னாளே, அந்தச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். தர்ஃபாவுக்குக் கேட்டது மண்டையில் ஏறவே சற்று நேரம் பிடித்தது.

கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம். வெட்கப்படுகிற பிள்ளையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அவளுக்காக வைத்த சலுகை அது. அந்த வீட்டில் பிறந்த எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். தர்ஃபாவுக்கும் தெரியும். அவளைத்தான் யாரும் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஷேக். "கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டோம்," என்றன இரண்டு ஆண்குரல்கள்.

"சொல்லுடி!" என்று கத்தினாள் தர்ஃபா. "வத்ஹா, சொல்லு!"

"இல்லை! எனக்குச் சம்மதம் இல்லை! இல்லை!"

ராகான் கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றான். "அழுறா ஷேக்," என்று தோளுக்கு மேலாகச் சொன்னான். "வாப்பா போன துக்கம்."

தர்ஃபா அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு கதவைத் தட்டினாள். "ஷேக்! நான் தர்ஃபா. உங்ககிட்ட ஓதின தர்ஃபா. அவளுக்குச் சம்மதம் இல்லை. நான்தான் பேசாதேன்னு சொன்னேன். அது என் தப்பு. திரும்ப ஒரு தடவை கேளுங்க. ஒரே தடவை!"

அந்தப்பக்கம் பேச்சு நின்றது. அவர் யோசிக்கிறார் என்று தர்ஃபா நம்பினாள். கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"துக்க வீட்டுல குரலை உயர்த்தக் கூடாதும்மா," என்றார் ஷேக். பிறகு யாரோ நிக்காஹ் துஆ ஓத, பல குரல்கள் ஆமீன் சொல்லின.

தர்ஃபா ராகானின் சட்டையைப் பிடித்தாள். "உன்னை இடுப்புல தூக்கி வளத்தேன்டா. வாப்பா கபுரோட ஈரம் இன்னும் காயலைடா."

"வாப்பா சொன்னது மூச்சு இருக்கிறவரைக்கும். நான் அதுவரைக்கும் காத்திருந்தேன்ல?" அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். கோபப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "விடியறப்போ மித்இப் கிளம்பறாரு. வத்ஹாவோட பெட்டியை எடுத்து வை. மாமி வந்தா அங்கேயே போய்ப் பாத்துக்கட்டும்."

கதவைத் திறந்து போகப் போனவன் நின்றான். ஏதோ மறந்துவிட்டவன் முகம்.

"உனக்கும் ஒரு நல்ல சேதி இருக்கு அக்கா. மித்இப் உன்மேல சொன்ன பாத்தியதையை விட்டுட்டாரு. ஷேக் முன்னாடியே சொல்லிட்டாரு. இனிமே யார் வேணும்னாலும் உன்னைக் கேட்டு வரலாம்."

திரும்பிப் பார்த்தால் வத்ஹா அறையில் இல்லை.

தர்ஃபா பெண்கள் கூடத்தைத் தாண்டிப் போனாள். காப்பிக் கிண்ணங்களோடு எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நடைக்கோடியில் வாப்பாவின் அறைக்கதவு திறந்திருந்தது. விளக்குப் போடவில்லை. உறையுருவிய வெறும் மெத்தையில் வத்ஹா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டில் கம்பியில் மாட்டியிருந்த குழாயை எடுத்துக் கன்னத்தில் வைத்திருந்தாள். காலையிலிருந்து அந்த இயந்திரத்தை நிறுத்த வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அது இரைந்துகொண்டே இருந்தது.

"காத்து வருது அக்கா," என்றாள் வத்ஹா.

தர்ஃபா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இயந்திரத்தின் பொத்தான் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில், சின்னப் பச்சை வெளிச்சத்தோடு இருந்தது. கையை நீட்டினாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டாள்.